குழந்தைக்குக் கோடிங்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

பையனுக்கு 6 வயது, வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை ஒரு ரோபோ பொம்மை வாங்கிக் கொடுத்தால் போதுமா? மகளுக்கு 9 வயது, கட்டளைத் துண்டுகளைத் திரையில் அடுக்கும் ஸ்கிராட்ச் நன்றாக வருகிறது, தட்டச்சு செய்து எழுதும் பைதான் மொழிக்கு எப்போது மாற்றுவது? வீட்டில் இருவருக்குமே நிரல் எழுதத் தெரியாது, பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கேட்பவர்களில் மென்பொருள் வேலையில் இருப்பவர்களும் உண்டு. தங்களுக்கு அத்துப்படியான ஒன்றை ஒரு குழந்தைக்கு எந்த முனையிலிருந்து பிரித்துக் காட்டுவது என்பதுதான் அவர்கள் சிக்கல்.

5 வயதிலிருந்து 10 வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து, கையில் இருக்கும் ஏழு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோடிங் கற்றால் கணக்கு தானாக வரும், கவனம் கூடும், திட்டமிடத் தெரிந்துவிடும் என்ற பேச்சு விளம்பரங்களில் ஏராளம். இந்த நம்பிக்கை அரை நூற்றாண்டுப் பழசு. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்ஸைக் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். சொன்னபடி நகர்ந்து கோடு போடும் அதன் 'ஆமை' பின்னால் உலகப் புகழ் பெற்றது. 1980களில் லோகோ பள்ளிகளுக்குள் பரவியபோது, நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் லோகோ கற்ற பிள்ளைகளின் திட்டமிடும் திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். கற்காத பிள்ளைகளைவிட அவர்கள் இதில் முன்னேறியதாகத் தெரியவில்லை. ஆகவே 'மூளை வளரும்' என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். குழந்தைக்கு அது பிடிக்கிறது, தான் நினைத்த ஒன்றைத் தானே செய்து முடிக்கிறது என்பதே தொடங்குவதற்குப் போதுமான காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வயதைவிட இரண்டு சின்னச் சோதனைகள் பயன்படும். ஒரு வரியைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்கிறதா? எதிரே நிற்பவரின் இடது கை எது என்று சரியாகக் காட்டுகிறதா? இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. தன் இடது கையைச் சரியாகக் காட்டும் 5 வயதுக் குழந்தை, தன்னை நோக்கி வரும் பொம்மையை 'இடப்பக்கம் திருப்பு' என்றால் தன் இடப்பக்கத்தையே நினைத்துக்கொள்ளும். இது அறிவுக் குறைவு இல்லை, வயது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7, 8 வயதில் இது தெளிந்துவிடும். அதுவரை, திருப்பங்கள் நிறைந்த எந்த விளையாட்டும் காரணம் தெரியாமலே அவர்களைச் சோர்வடைய வைக்கும்.

அடுத்தது, பக்கத்தில் யார், எவ்வளவு நேரம் உட்காரப் போகிறார்கள் என்பது. இலவசம் என்று எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் உண்மையான விலை இதுதான்.

மூன்றாவதாக, வேலையின் யோசனை யாருடையது? வேறொருவர் போட்ட புதிருக்கு விடை தேடுவதும், 'மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு யானை நடக்க வேண்டும்' என்று தானே முடிவு செய்து அதை நடக்க வைப்பதும் ஒன்றல்ல.

நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது நான்காவதை: தவறு நடந்தால் அது குழந்தைக்கு எப்படித் தெரிகிறது? கண்ணால் பார்த்துத் தானே உணர்கிறதா, திரை 'மறுபடி முயற்சி செய்' என்று சொல்லித் தெரிகிறதா, புரியாத ஒரு சிவப்பு வரி வந்து நிற்கிறதா, அல்லது பெரியவர் ஒருவர் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறாரா? நிரல் எழுதுகிறவரின் நேரத்தில் பெரும்பகுதி தன் தவறைத் தேடுவதிலேயே போகிறது. குழந்தைக்கு முதலில் பழக வேண்டியதும் அந்தத் தேடல்தான். ஏழு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கப்போகிறேன்.

## 1. திரையே இல்லாத விளையாட்டுகள்

தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். ஒரு மூலையில் நீங்கள் நிற்க வேண்டும், எதிர் மூலையில் ஒரு பொம்மை. குழந்தை காகிதத் துண்டுகளில் அம்புக்குறி வரைந்து வரிசையாக அடுக்கும். நீங்கள் அந்த வரிசைப்படி மட்டும் நடக்க வேண்டும். சுவர் வந்தால் முட்டிக்கொண்டு நில்லுங்கள். குழந்தை சிரித்துவிட்டு அம்புகளை மாற்றும்.

இதில் உங்கள் பங்கு அசடாக இருப்பது. அது நினைப்பதைவிடக் கடினம். என் மகளுக்கு 5 வயதில், எனக்குச் சட்டை போடச் சொல்லித் தரும் விளையாட்டு ஒன்றை வைத்தேன். "கையை உள்ளே விடு" என்றாள். கழுத்து ஓட்டையில் கையை விட்டேன். "அதில் இல்லை, சின்ன ஓட்டையில்" என்றாள். வெளிப்பக்கமாக, மணிக்கட்டு வருகிற வழியில் விட்டேன். சட்டையை முதலில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் சரியாக வரும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும், ஏற்கெனவே சொன்ன எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து சொன்னாள். பிற்பாடு நான் வாங்கித் தந்த எந்தச் செயலியும் அன்றைக்கு நடந்ததைவிட அதிகம் சொல்லித் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும், அவரோடு இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் ஆகியோரும் 1990களில் தொகுக்கத் தொடங்கிய 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஐந்து அட்டைகள் போதும். அட்டைகளில் 1, 2, 4, 8, 16 புள்ளிகள். தேவையான அட்டைகளைத் திருப்பி வைத்து உன் வயதைக் காட்டு என்றால், 6 வயதுக் குழந்தை 4ஐயும் 2ஐயும் திறக்கும். 9 என்றால் 8ம் 1ம். இந்த ஐந்து அட்டைகளால் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இரும எண் என்ற சொல்லை அப்புறம் சொன்னால் போதும்.

மறைசெலவு முழுக்க உங்கள் உடம்பும் பொறுமையும்தான். இன்னொரு குறையும் உண்டு. மனிதர்கள் அரைகுறையாகச் சொன்னதையும் புரிந்துகொண்டுவிடுவார்கள். தாத்தா ரோபோவாக நின்றால், பேரன் தவறாக அடுக்கிய அம்பையும் சரியாகப் படித்துப் பொம்மையிடம் போய்ச் சேர்ந்துவிடுவார். குழந்தைக்குத் தன் தவறு தெரியவே தெரியாது. இயந்திரத்துக்கு இந்தப் பாசம் கிடையாது, அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் இயந்திரம் தேவைப்படுகிறது.

4 முதல் 6 வயதுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் இதுவே முதல் தேர்வு. 2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அந்த வயதில் கோடிங்குக்காகத் திரை நேரத்தைக் கூட்ட ஒரு காரணமும் இல்லை.

## 2. ஸ்கிராட்ச் ஜூனியர்

5 முதல் 7 வயதுக்கென்றே 2014இல் வந்த இலவசச் செயலி. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரீனா பெர்ஸின் குழுவும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் மீடியா லேபும் சேர்ந்து உருவாக்கியது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்காகவே வடிவமைத்தது என்பது பார்த்த உடனே புரியும். கட்டளைகள் எல்லாம் படங்கள். அவற்றை இடமிருந்து வலமாக, ரயில் பெட்டிபோலக் கோத்துக்கொண்டு போக வேண்டும். பச்சைக்கொடியைத் தொட்டால் ஓடும்.

தவறு உடனே கண்ணில் படும். செயலியைத் திறந்ததும் நிற்கும் பூனை, மூன்று அடி போக வேண்டியது முப்பது அடி போனால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் குரலைப் பதிவு செய்து பூனையைப் பேச வைக்கலாம், தானே வரைந்த உருவத்தை நடக்க வைக்கலாம். குழந்தைகள் அதிகம் விரும்புவதும் இதைத்தான். ஒரு கதைக்கு நான்கு பக்கம்வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் கதையும் தானாகவே ஆரம்பம், நடு, முடிவு என்று ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனைக் கட்டளை இதில் இல்லை. மதிப்பெண் எண்ணும் வசதியும் இல்லை. 7 வயதுக் குழந்தை ஓடி ஒளியும் விளையாட்டு செய்யலாம், யார் ஜெயித்தார் என்று எண்ண முடியாது. "ஸ்கோர் எங்கே வைப்பது?" என்று குழந்தை கேட்கும் நாளில் அடுத்ததற்குப் போகலாம். அதுவரை அவசரப்பட வேண்டாம்.

மறைசெலவு: டேப்லெட் வேண்டும், டேப்லெட்டில் மற்ற எல்லாமும் இருக்கும். கோடிங் என்று எடுத்துப்போன சாதனம் பத்து நிமிடத்தில் வீடியோ பக்கம் போய்விடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்புறம், குழந்தை படம் வரைவதிலேயே ஒரு மணி நேரம் கழித்துவிட்டு ஒரே ஒரு கட்டளை வைக்கும். அதைத் திட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஒரு கட்டளையை வைத்தது ஏன் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல காரணம் இருக்கும்.

## 3. புதிர் வகைச் செயலிகள்

ஒரு கட்டம், ஒரு பாத்திரம், போய்ச் சேர வேண்டிய இடம். ஆளுக்கொரு கட்டளை தாங்கிய கட்டைகளான 'பிளாக்கு'களைச் சரியாக அடுக்கினால் அடுத்த நிலை திறக்கும். 2013இல் தொடங்கிய கோட் டாட் ஆர்க் என்ற லாப நோக்கற்ற அமைப்பும், அது அந்த ஆண்டு டிசம்பரில் நடத்திய ஒரு மணி நேரக் கோடிங் இயக்கமும் இந்த வகையை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவர்கள் தருவது இலவசம். இதே பாணியில் சந்தாச் செயலிகள் நிறைய வந்துவிட்டன.

இவற்றின் பலம் வரிசை. இன்று நேர் நடை, நாளை திருப்பம், பிறகு 'நான்கு தடவை செய்', அப்புறம் நிபந்தனை. பெரியவர் பக்கத்தில் உட்காராமலே ஓரளவு நகரும். வீட்டில் யாருக்கும் நேரமில்லை என்றால் இது மோசமான தேர்வு இல்லை.

ஆனால் தவறு தெரியும் விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தவறு என்று செயலியே சொல்லிவிடுகிறது, பல நேரம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறது. ஏன் தவறு என்று யோசிக்காமல் ஒரு பிளாக்கை மாற்று, ஓட்டு, மறுபடி மாற்று, ஓட்டு என்று தட்டிக்கொண்டே இருந்தாலும் அடுத்த நிலைக்குப் போய்விடலாம். நாற்பது நிலை முடித்த பையனிடம் வெற்றுத் திரையைக் கொடுத்தால் "என்ன செய்யணும்?" என்று கேட்பான். அந்தக் கேள்வி வந்தால் புதிர்கள் போதும் என்று அர்த்தம்.

சந்தாச் செயலிகளில் முதல் சில நிலைகள் இலவசமாக இருக்கும், சூடு பிடிக்கும் இடத்தில் பூட்டு விழும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவை எங்கே நிறுத்துவது என்று சேரும் முன்பே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 4. ரோபோ பொம்மைகள்

ஒரு பொருள் நிஜத் தரையில் நிஜமாக நகர்ந்து நிஜ நாற்காலியில் முட்டுவதற்கு ஈடான அனுபவம் வேறில்லை. மழலையர் வகுப்புகளில் அதிகம் காணப்படும் பீ-பாட் என்ற தேனீ பொம்மையை எடுத்துக்கொள்வோம். முதுகில் அம்புப் பொத்தான்கள். ஒரு அழுத்தத்துக்கு 15 சென்டிமீட்டர் நகரும், திருப்பம் என்றால் 90 பாகை. திரை கிடையாது, வாசிப்பும் தேவையில்லை.

இதில் பிள்ளைகள் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. பழைய கட்டளைகளை அழிக்காமல் புதியவற்றை அழுத்தினால், தேனீ பழையதையும் சேர்த்தே ஓட்டும். "நான் ரெண்டு தடவைதான் அழுத்தினேன், அது ஏன் அங்கே போச்சு?" என்று குழந்தை கோபப்படும். கணினி நினைவகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஆனால் அதைப் பாடமாக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் பொம்மை கெட்டுவிட்டது என்றுதான் குழந்தை நினைக்கும். உள்ளே என்ன கட்டளைகள் இருக்கின்றன என்பது வெளியே தெரியாது என்பதே இந்தப் பொம்மையின் குறை. அம்பு அட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, அதைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் இந்தக் குறை பாதி தீரும். மரக் கட்டைகளையே கட்டளைகளாகக் கோத்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்ய வைக்கும் கிபோ என்ற ரோபோவில் இந்தச் சிக்கல் இல்லை. நிரல் முழுவதும் தரையில் கண் முன்னால் கிடக்கும். அதுவும் மரீனா பெர்ஸின் ஆய்விலிருந்து வந்ததுதான்.

8 வயதுக்கு மேல் என்றால் மைக்ரோபிட் பார்க்கலாம். பிபிசி 2016இல் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் இலவசமாகக் கொடுத்த சின்னப் பலகை அது. 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் கருவி. குலுக்கினால் பகடைபோல ஓர் எண் காட்டு என்று எழுதிவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடலாம். பலகை வாங்காமலே அதன் மாதிரியைத் திரையில் இயக்கிப் பார்க்கும் வசதி இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே வாங்கும் முன் ஒரு மாதம் அதில் விளையாட விடுங்கள்.

மறைசெலவு இங்கேதான் அதிகம். பேட்டரி, கேபிள், தொலையும் துண்டுகள் எல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், செயலியை நம்பி ஓடும் ரோபோக்கள். நிறுவனம் செயலியைக் கைவிட்டால் கையில் மிஞ்சுவது பிளாஸ்டிக். பெரிய பெயர் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 1998இலிருந்து வந்துகொண்டிருந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசையை லெகோ 2022 இறுதியில் நிறுத்திக்கொண்டது. பொத்தான்கள் பொம்மையிலேயே இருக்கும் வகை இந்த விதத்தில் பாதுகாப்பானது.

என் ஆலோசனை: பள்ளியிலோ நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ இருந்தால் இரவல் வாங்குங்கள். ரோபோ பொம்மையின் மேல் உள்ள மோகம் பல வீடுகளில் இரண்டே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதையும் தாண்டி மூன்றாவது வாரம் குழந்தை கேட்டால், அப்போது வாங்குவதில் தவறில்லை.

## 5. ஸ்கிராட்ச்

2007இல் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு வெளியிட்டது. 8 முதல் 16 வயதுவரை என்பது அவர்கள் சொல்லும் அளவு. உலாவியில் இலவசமாக இயங்கும், இணையம் இல்லாமல் இயக்கத் தனிச் செயலியும் உண்டு. முகப்பையும் பிளாக்குகளையும் 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு மாற்றிக்கொள்ள முடிவதால், பிள்ளை வாசிக்கும் மொழி அவற்றில் இருந்தால் ஆங்கில வாசிப்பு இன்னும் கைவராவிட்டாலும் தடுக்கி விழ வேண்டியதில்லை.

இந்த ஒப்பீட்டில் என் மனச்சாய்வு எங்கே என்று மறைக்க விரும்பவில்லை. 8 வயதுக்கு மேல், ஒன்றைத்தான் தேர்வு செய்யலாம் என்றால் இதுதான்.

காரணம், பொருந்தாத பிளாக்குகள் ஒட்டவே ஒட்டாது. எழுத்துப்பிழை, விட்டுப்போன புள்ளி என்ற வகைத் தவறுக்கே இடமில்லை. மிஞ்சுவது யோசனைத் தவறு மட்டும். அந்தத் தவறுக்கு ஸ்கிராட்ச் எந்த எச்சரிக்கையும் தராது. பூனை சும்மா ஏதோ செய்யும், குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே "இது நான் சொன்னதில்லையே" என்று சொல்லும். பிறகு பார்த்தால், அதுதான் சொன்னது.

கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் சந்திக்கும் மூன்றைச் சொல்கிறேன், பக்கத்தில் உட்காருபவருக்கு உதவும். ஒன்று, ஓரத்தில் முட்டித் திரும்பும் பூனை தலைகீழாகிவிடும். சுழலும் பாணியை இடம்-வலம் என்று மாற்றினால் நிமிர்ந்துகொள்ளும். இரண்டு, விளையாட்டை மறுபடி தொடங்கினால் பழைய மதிப்பெண் அப்படியே நிற்கும். தொடக்கத்தில் பூஜ்யமாக்கச் சொல்லவில்லை என்பது காரணம். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: 'சுவரைத் தொட்டால் நில்' என்று வைத்திருப்பார்கள், பூனை சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தச் சோதனை, உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'எப்போதும்' என்ற வளையத்துக்கு வெளியே இருந்தால், ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிந்துவிடும். இதைத் தானே கண்டுபிடித்த 9 வயதுப் பெண்ணின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். உடனே விடையைச் சொல்லியிருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அதற்குமுன் இருபது நிமிடம் என் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

பூனை நடமாடும் மேடையின் நடுப்புள்ளி பூஜ்யம். இடப்பக்கம் எதிர்மறை 240வரை, வலப்பக்கம் 240வரை, மேலும் கீழும் 180. பள்ளியில் எதிர்மறை எண் வருவதற்கு முன்பே பூனையை இடப்பக்கம் அனுப்ப மைனஸ் போடக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

மறைசெலவுகளும் இருக்கின்றன. ஸ்கிராட்ச் இணையதளம் ஒரு சமூகமும்கூட. மற்றவர்கள் செய்ததைத் திறந்து, உள்ளே பார்த்து, மாற்றி எழுதலாம். அது பெரிய பலம். ஆனால் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் குவிந்திருப்பதால், செய்யப் போன பிள்ளை விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொதுவில் கருத்துகளும் வரும். கணக்கு தொடங்காமலே நிரல் எழுத முடியும், முதல் சில மாதங்கள் அப்படியே இருக்கட்டும். கோப்பாகக் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். இன்னொன்று, டேப்லெட்டைவிட விசைப்பலகையும் மவுஸும் உள்ள கணினியில்தான் இது சரிவரும். சின்னத் திரையில் பிளாக்குகளை இழுப்பதே ஒரு போராட்டம்.

## 6. பைதான் போன்ற எழுத்து மொழி

'பிளாக் எல்லாம் விளையாட்டு, நிஜமான கோடிங் எப்போது?' என்ற அவசரம் பெற்றோருக்கு வருவது இயல்பு. 1991இல் வெளிவந்த பைதான், எழுத்து மொழிகளில் எளிமையான ஒன்று என்பதும் உண்மை. ஆனால் ஒரு 8 வயதுக் குழந்தை விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடும்போது, சொல்ல வந்த யோசனை பாதியில் மறந்துபோகும். ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனால், வரியின் தொடக்கத்தில் இடைவெளி தவறினால் சிவப்பு நிறத்தில் ஆங்கிலச் செய்தி வந்து நிற்கும். தவறு எங்கே என்று அந்தச் செய்தி சொல்லத்தான் செய்கிறது, ஆனால் வாசிக்கப் பழகியவருக்கு. தொடங்கும் குழந்தைக்கு அது திட்டு வாங்குவதுபோல.

ஒரு விதிவிலக்கு உண்டு. லோகோவின் அந்தப் பழைய ஆமை பைதானோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். முக்கோணம் வரையச் சொன்னால், அதன் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை '100 போ, 60 திரும்பு' என்று மூன்று தடவை எழுதும். வருவது முக்கோணம் இல்லை, பாதியில் நின்ற அறுகோணம். எழுந்து நின்று, தரையில் முக்கோணமாக நடந்து பார்த்தால் ஒவ்வொரு மூலையிலும் 120 பாகை திரும்புகிறோம் என்பது உடம்புக்குப் புரியும். பேப்பர்ட் ஆமையை விரும்பியதன் காரணமும் இதுதான்: குழந்தை தன்னை ஆமையின் இடத்தில் வைத்து யோசிக்கலாம். 

10 வயதை ஒட்டி, ஓரளவு வேகமாகத் தட்டச்சு செய்கிற, ஸ்கிராட்சில் எதையாவது செய்யப் போய் 'பிளாக் ரொம்ப நீளமாகிவிட்டது' என்று சலித்துக்கொள்கிற பிள்ளைக்கு இது சரியான நேரம். அதற்கு முன் மாற்றுவதால் கிடைப்பது பெற்றோரின் நிம்மதி மட்டுமே.

## 7. கட்டண வகுப்பு

இதைக் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். நல்ல ஆசிரியர் ஒருவர் மேலே சொன்ன ஆறையும்விடப் பெரியவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் விற்கப்படுவது பெரும்பாலும் ஆசிரியர் இல்லை, பாடத்திட்டமும் சான்றிதழும்.

உறவுக்காரப் பையன் ஒருவனின் இலவச மாதிரி வகுப்பில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு விளையாட்டைத் திறந்து, இரண்டு எண்களை மாற்றச் சொன்னார்கள். மாற்றினான். "உங்கள் மகன் 7 வயதில் கேம் டெவலப்பர்" என்று அவன் அம்மாவுக்கு வாழ்த்து வந்தது, கூடவே அன்று மாலைக்குள் சேர்ந்தால் தள்ளுபடி என்ற அழைப்பும். அந்த எண்கள் எதற்கு என்று பையனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

வகுப்பில் தவறு தெரிகிற விதத்தை வைத்தே நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடலாம். குழந்தையின் மவுஸை ஆசிரியர் தன் கையில் எடுத்துக்கொள்கிறாரா? 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரா? பிள்ளைகள் எல்லோருடைய வேலையும் ஒரே மாதிரி இருந்தால், அது பார்த்து எழுதியது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், நடுவில் விலகினால் மீதிப் பணம் என்னவாகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்கும் நேரமே இல்லாதபோதும், தனியாக உட்காரப் பிடிக்காமல் கூட்டாளிகளோடு செய்ய விரும்பும் பிள்ளைக்கும் வகுப்பு நல்லது. வாரம் ஒரு நாள் நண்பர்களோடு கூடிச் செய்யும் இலவசக் குழு பக்கத்தில் எங்காவது இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | ஏற்ற பருவம் | பெரியவர் நேரம் | தவறு எப்படித் தெரியும் | மறைந்திருப்பது |
|---|---|---|---|---|
| திரை இல்லா விளையாட்டு | 4–6, அதற்கு மேலும் | மிக அதிகம் | ரோபோவாக நிற்பவர் முட்டுவார் | உங்கள் பொறுமை |
| ஸ்கிராட்ச் ஜூனியர் | 5–7 | நடுத்தரம் | கண்ணெதிரே, உடனே | டேப்லெட்டின் மற்ற ஈர்ப்புகள் |
| புதிர்ச் செயலி | 5–9 | குறைவு | செயலியே சொல்லும் | சந்தா, தட்டிப் பார்க்கும் பழக்கம் |
| ரோபோ பொம்மை | 4–8, பலகைகள் 8க்கு மேல் | அதிகம் | தரையில், சத்தத்தோடு | விலை, கைவிடப்படும் செயலி |
| ஸ்கிராட்ச் | 8க்கு மேல் | நடுத்தரம், பின் குறைவு | எச்சரிக்கை இல்லை, பார்த்து உணர வேண்டும் | விளையாடியே நேரம் போவது |
| பைதான் | 10ஐ ஒட்டி | அதிகம் | சிவப்பு வரி, ஆமையில் மட்டும் கண்ணால் | தட்டச்சு, ஆங்கிலம் |
| வகுப்பு | ஆசிரியரைப் பொறுத்தது | குறைவு | ஆசிரியரைப் பொறுத்தது | முன்பணம், நகல் வேலை |

## சரி, அந்த மூன்று கேள்விகள்

6 வயதுப் பையனுக்கு வகுப்பும் வேண்டாம், ரோபோவும் இப்போது வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தரைக் கட்ட விளையாட்டு, அதன்பின் ஸ்கிராட்ச் ஜூனியர். வாரத்துக்கு இரண்டு தடவை, அரைமணி நேரம் போதும். 'இன்னொரு தடவை' என்று அவனே கேட்கும்போது நிறுத்திக்கொள்வது நல்ல உத்தி. ரோபோ இரவல் கிடைத்தால் இடையில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

9 வயது மகள் ஸ்கிராட்சிலேயே இருக்கட்டும். அவளைப் பைதானுக்கு நகர்த்துவதற்குப் பதில், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்: இருவர் ஆடும் விளையாட்டு, தன் வகுப்புத் தோழிக்காக ஒரு வினாடி வினா. ஒரு மைக்ரோபிட் கொடுத்தால் அதையும் பிளாக்குகளாலேயே ஓட்டத் தொடங்கி, விருப்பம் வந்தால் அதே பலகையில் பைதானுக்கு மாறலாம். அந்தப் பாதை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மாறும் நாளை அவளே முடிவு செய்வாள்.

வீட்டில் யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது என்ற மூன்றாவது வீட்டுக்காரர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். தெரிந்த பெற்றோருக்கு வரும் பெரிய சோதனை விடையைச் சொல்லிவிடுவது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்கிராட்சையோ ஜூனியரையோ திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பூனை ஏதாவது கோணலாகச் செய்யும்போது, "இந்த ஒரு பிளாக்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். விடை உங்களுக்கும் தெரியாது என்பது குழந்தைக்குத் தெரியும், அதனால் எடுத்துத்தான் பார்க்கும்.